பின்வளவுப் புல்லும் என் 84 டொலரும்

மிட்டேர்ம் பரீட்சை முடிந்த களைப்பில் நித்திரை கொள்ளாமல், புல்லைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரியுங்கோ. காசு போனது எனக்குத்தான்.

நாங்கள் இருப்பது ரொறன்ரோவில், ஸ்காபரோவில். பின்வளவில் பெரிய நோர்வே மேப்பிள் மரம் ஒன்று. அதன் கீழே வெறும் மண். இரவு வேலை முடிந்து வருகிற அப்பா, யன்னலால் அந்த மண்ணைப் பார்த்தபடிதான் தேத்தண்ணி குடிப்பார். வேலிக்கு அந்தப் பக்கம் அயல்வீட்டுப் புல், கம்பளம் விரித்தது மாதிரி.

இந்த மே மாதம் என் பகுதிநேர வேலைக் காசில் கென்டக்கி புளூகிராஸ் விதை ஒரு பை வாங்கி வந்தேன். பையில் இருந்த படம் அப்படி! மண்ணைக் கிளறித் தூவினோம். பத்து நாளாகியும் ஒன்றும் வரவில்லை. இன்னொரு பை. பிறகு இன்னுமொன்று. மொத்தம் 84 டொலர். அந்தப் புல் முளைக்கவே இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும் என்று பிறகுதான் வாசித்தேன். முளைத்தது என்னவோ உண்மை. ஜூலையில் எல்லாம் மெலிந்து செத்துப்போனது.

"மரத்தைத் தறிப்பம்" என்றார் அப்பா. ரொறன்ரோவில் 30 சென்ரிமீற்றருக்கு மேல் விட்டமுள்ள மரத்தை, சொந்த வளவில் நின்றாலும், நகரசபை அனுமதியில்லாமல் தறிக்க ஏலாது என்றேன். அம்மாவுக்குச் சட்டம் தேவைப்படவில்லை.

"புல்லுக்காக மரத்தைத் தறிக்கிறதோ? ஊரில முத்தத்தில புல்லு முளைச்சால், அந்த வீட்டில ஆளில்லை எண்டெல்லோ சொல்லுவினம்."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். "இஞ்ச புல்லு இல்லாட்டித்தான் ஆளில்லாத வீடு மாதிரிப் பாக்கிறாங்கள்."

வீடு வாங்கி ஒன்பது வருடம். அவர் யன்னலால் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

அடுத்த சனிக்கிழமை காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை, மணிக்கொரு தடவை வளவில் எங்கெங்கே வெயில் விழுகிறது என்று எக்செலில் குறித்தேன். மரத்தடியில் இரண்டு மணித்தியாலம்கூட இல்லை. வேலியோரம் ஆறுக்கு மேல். கென்டக்கி புளூகிராஸுக்கு நல்ல வெயில் வேண்டும். போதாததற்கு மேப்பிளின் வேர்கள் மேல்மண்ணிலேயே பரந்து தண்ணீரை உறிஞ்சிவிடும். பிழை விதையில் இல்லை. இல்லாத வெயிலை நாங்கள் பை பையாக வாங்கப் பார்த்திருக்கிறோம். போன காசைப் பார்த்து மேலும் காசு போடாதே என்று 'சங்க் கோஸ்ட்' பாடத்தில் பக்கம் பக்கமாக எழுதி நல்ல புள்ளி எடுத்தவன் நான் :-)

அட்டவணையைப் பார்த்த அப்பா கேட்டார். "உதுதான் கம்பசில படிப்பிக்கிறவையோ?"

ஆகஸ்ட் கடைசியில் திரும்பத் தொடங்கினோம். இங்கே புல் விதைக்க அதுதான் நல்ல காலம். மண் சூடாக இருக்கும், களையும் குறைவு. வேலியோரம் புளூகிராஸ். அரைநிழலில், நிழல் தாங்கும் ஃபைன் ஃபெஸ்கியூ. விதையைக் கால் அங்குலத்துக்கு மேல் புதைக்கவில்லை. மூன்று கிழமை, மண் காயாமல் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை மெல்லியதாகத் தண்ணீர். வேலையால் வந்த கையோடு காலைத் தண்ணீர் அப்பாவின் பொறுப்பு.

இப்போது ஒக்டோபர். பச்சையாக இருக்கிறது. பனிக்காலம் தாண்டுமா என்று வசந்தத்தில்தான் தெரியும். மேப்பிள் இலை மூடினால் இளம் புல் அழுகிவிடும் என்பதால் நான் தினமும் வாருகிறேன்.

அடிமரத்தைச் சுற்றி மட்டும் ஒன்றும் விதைக்கவில்லை. அந்த வட்டத்தை அம்மா காலையில் விளக்குமாற்றால் கூட்டுகிறா. அப்பா இப்போது கதிரையைக் கொண்டுபோய் அங்கேதான் போட்டுத் தேத்தண்ணி குடிக்கிறார்.

உங்கள் வளவிலும் நிழலென்றால், விதை வாங்க முதல் வெயிலை எண்ணுங்கோ.