சாங்கி பீச்சில ஒரு வாளி

ஸ்கூல் லீவுல ஒரு நாள், கோயில் வேலை இல்லாத காலையில, நாங்க குடும்பத்தோட சாங்கி பீச்சுக்குப் போனோம். தண்ணி வத்துற நேரத்தை முன்னாடியே பார்த்து வச்சிருந்தோம்.

பிள்ளைங்க தண்ணி ஓரத்தில ஒரு குச்சியை நட்டாங்க. கால் மணிக்கு ஒரு தடவை ஓடிப்போய்ப் பார்த்தாங்க. கடல் தள்ளித் தள்ளிப் போயிருந்தது. ஏறக்குறைய 6 மணி நேரம் வத்தும், 6 மணி நேரம் ஏறும், நிலா இழுக்கிறதுதான் முக்கியக் காரணம்னு அங்கேயே சொல்லிக் கொடுத்தோம். புத்தகத்தில படிச்சப்போ ஏறாதது, குச்சியைப் பார்த்ததும் ஏறிடுச்சு.

சின்னவன் வாளித் தண்ணியில ஒரு சேண்ட் டாலர் போட்டுட்டு வந்தான். வீட்டுக்குக் கொண்டுபோகணுமாம். "சரி, எடுத்துக்கோ"ன்னு சொன்னதே நாங்கதான். வெறும் ஓடுன்னு நினைச்சோம். அக்காக்காரிதான் குனிஞ்சு பார்த்தா: பொடிப் பொடி முள்ளெல்லாம் அசையுது. "டேய், உயிர் இருக்குடா!"

அவன் அழுதான். நாங்க பிடுங்கல, அதட்டவும் இல்ல. கொஞ்ச நேரத்தில அவனே எடுத்த இடத்தில கொண்டுபோய் வச்சான். அது மெதுவா மணலுக்குள்ள புதைஞ்சு மறையிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

அன்னிக்குப் பாடம் எங்களுக்கும்தான். பிள்ளைங்களோட போறவங்க, வாளி கொண்டுபோங்க. திரும்பும்போது அதில உயிர் எதுவும் இல்லையான்னு ஒரு தடவை பார்த்துடுங்க.