புர்தில் நகரின் சிவப்பு மணிகள்

உங்கள் வீட்டுத் தஸ்பீஹை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அது கண்ணாடித் தஸ்பீஹாக இருந்தால் மணிகள் யாவும் ஒரே நிறத்தில் தோன்றும். அந்த ஒரே நிறத்துக்குப் பின்னால் இருக்கும் பாட்டை நான் அறிந்தது, என் தந்தையாரின் தஸ்பீஹ் அறுந்துபோனதால்தான்.

மர்ஹூம் வாப்பா ஹஜ்ஜிலிருந்து கொண்டுவந்த சிவப்புக் கண்ணாடித் தஸ்பீஹ் அது, 99 மணிகள். நூல் அறுந்து சிதறியதில் ஏழு மணிகள் கிடைக்கவேயில்லை. எஞ்சியவற்றை உம்மா கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தார்கள். (தஸ்பீஹ் மணி வேண்டுமா, விரல்களே போதாவா என்ற விவாதத்தை இங்கு எழுப்ப நான் வரவில்லை.) மாணவர் ஒருவரின் சேர்க்கை தொடர்பாக நான் அலிகருக்குப் புறப்பட்டபோது, அந்த முடிச்சை என் கையில் தந்து, "போற இடத்துல இதுக்குச் சோடி கிடைக்குமான்னு பாரு வாப்பா" என்றார்கள்.

ஸர் ஸையித் அஹ்மத் கான் 1875-இல் தொடங்கிய கல்லூரி 1920-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். எனவே அதை விடுத்து, அலிகர் கடைவீதிக்கு வருகிறேன். மணிகளைப் புரட்டிப் பார்த்த கடைக்காரர், "கடையில் தேடாதீர்கள், புர்தில் நகருக்குப் போங்கள்" என்றார். கிராண்ட் டிரங்க் சாலையில் சிக்கந்தரா ராவ் சென்று, அங்கிருந்து உட்சாலையில் திரும்ப வேண்டும். பெருங்காயத்துக்குப் பெயர்பெற்ற ஹாத்ரஸ் மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர் அது. வளையலுக்குப் பிரோசாபாத் எப்படியோ, கண்ணாடி மணிக்குப் புர்தில் நகர் அப்படி. வீட்டுத் திண்ணைகளிலும் முன்னறைகளிலும் சுடர்கள் எரிகின்றன. முஸ்லிம்களும் இந்துக்களும் அடுத்தடுத்த வீடுகளில் அமர்ந்து இதே தொழிலைச் செய்கின்றனர்.

எனக்கு வழிகாட்டிய சிறுவன் ஒரு முதியவரிடம் கொண்டுபோய் விட்டான். எல்லோரும் அவரைச் சாச்சா என்றே அழைத்தனர். நம் வீடுகளில் வழங்கும் அதே சொல்லை அத்தனை தொலைவில் கேட்டதும் பாதிப் பயணக் களைப்பு நீங்கிற்று. ஸலாம் கூறி, எனக்குத் தெரிந்த உருதுவில் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு மணியைச் சன்னலருகே பிடித்து வெகுநேரம் பார்த்தார். "மௌலானா, நீலம் கேட்டிருந்தால் உடனே தந்திருப்பேன். சிவப்புக்கு மட்டும் நான் வாக்குக் கொடுப்பதில்லை" என்றார்.

ஏன் என்று வினவினேன். அவர் சொல்லாமல் செய்து காட்டினார். பென்சில் பருமனுள்ள சிவப்புக் கண்ணாடிக் குச்சி ஒன்றை எடுத்து, சுடரின் ஓரத்தில் மெல்லக் காட்டிச் சூடேற்றினார். அவசரப்பட்டு நடுச்சுடரில் நுழைத்தால் குச்சி வெடித்துச் சிதறும். முனை இளகியதும், களிமண் குழம்பு பூசிய இரும்புக் கம்பியில் அதைத் தொட்டுக் கம்பியைச் சுழற்றினார். கண்ணாடி தேன்போலச் சுற்றிக்கொண்டு உருண்டையாயிற்று. அந்தக் களிமண் பூச்சுதான் பின்னர் மணி கம்பியிலிருந்து கழன்று வர உதவுகிறது.

ஆனால் மணியில் சிவப்பைக் காணோம்! வெளிறிய மஞ்சளாக இருந்தது. சாச்சா சிரித்தார். சற்றே ஆறவிட்டு, மறுபடி சுடரின் வெளிவிளிம்பில் இளஞ்சூடு காட்டினார். மஞ்சள் செம்மஞ்சளாகி, பின்னர் கரியதாயிற்று. அந்தக் கருமை கண்ணை ஏமாற்றும் கருமை. இத்தகைய சிவப்பு, சூடாக இருக்கும்வரை கறுப்பாகவே தோன்றும். உண்மை நிறம் ஆறிய பின்னரே தெரியும். நாங்கள் காத்திருந்தோம். ஆறியபோது அது ஈரல் நிறத்தில் பழுப்பாக இருந்தது. சூடு ஒரு நொடி மிஞ்சிவிட்டதாம்.

இந்தச் சிவப்பைத் தருவது செலினியமும் காட்மியமும். செலினியம் உலை வெப்பத்தில் ஆவியாகிப் பறந்துவிடும் இயல்புடையது. ஆகவே ஒரே கலவையை இருமுறை உருக்கினாலும், கண்ணாடியில் தங்கும் அளவு இருமுறையும் ஒன்றாக இருப்பதில்லை. சென்ற மாதக் கட்டு சொற்படி கேட்கும். இந்த மாதக் கட்டு முரண்டுபிடிக்கும். வெளியே இரண்டும் ஒரே சிவப்புத்தான். செம்பு கலந்த பச்சைநீலக் குச்சியோ வேறு விதம்; சுடரில் காற்றுக் குறைந்து புகைந்தால் அதன்மேல் செந்தோல் படரும். இரண்டு உலைகளின் குச்சிகளை ஒரே மணியில் சேர்த்தால் இன்னொரு வம்பு. ஆறும்போது இரண்டும் ஒரே அளவில் சுருங்காமல், மறுநாள் காலை மணி இரண்டாகப் பிளந்து கிடக்கும்.

இந்த முரண்டுக்கெல்லாம் விலை கொடுப்பவர் யார் தெரியுமா? சாச்சாதான். குச்சியை அவர் எடைபோட்டுக் காசு கொடுத்து வாங்குகிறார். வியாபாரியோ மாதிரி மணியை அருகில் வைத்து, நிறம் ஒத்தவற்றுக்கு மட்டுமே கூலி தருகிறார். ஒவ்வாத மணிகள் மூலையிலிருந்த தகரப் பெட்டியில் நிறைந்து கிடந்தன. இவ்வளவுக்கும் அவர் கண்களுக்குக் காப்பு ஏதுமில்லை. இளகும் கண்ணாடியிலிருந்து மஞ்சள் ஒளி பொங்கும்போது, அதைத் தணிக்கும் சிறப்பு மூக்குக்கண்ணாடி உலகில் உண்டு. அது இந்தத் திண்ணைக்கு வந்து சேரவில்லை.

மத்ரஸாவில் வணிகப் பாடம் நடத்துபவனல்லவா, என்னால் சும்மா இருக்க முடியவில்லை. முட்டை, வெள்ளரி, அக்ரோட் போன்றவற்றை வாங்கி, உடைத்த பின்னரே கெட்டது என்று கண்டால் வாங்கியவருக்கு என்ன உரிமை என்பதை ஹிதாயா விவரிக்கிறது. எதற்கும் பயன்படாதெனில் முழு விலையும் திரும்பக் கிடைக்கும். ஓரளவு பயன்படுமெனில் குறைக்கு ஈடு கிடைக்கும். உருக்கிய பின்னரே குறை தெரியும் குச்சிக்கும் இது பொருந்தாதா என்று கேட்டேன். குற்றம் குச்சியிலா, கையிலா என்று நிரூபிப்பது கடினம் என்பதும் எனக்குத் தெரியாததன்று. சாச்சா சுடரிலிருந்து கண்ணெடுக்காமல், "மௌலானா, அந்தப் பாடத்தை உலைக்காரருக்கு நடத்துங்கள். நான் ஏற்கெனவே பாஸாகிவிட்டேன்" என்றார்.

அன்று பகல் முழுவதும் எனக்காக உழைத்தார். வார்த்த மணிகளைச் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவைத்தார். அஸர் தொழுகை முடித்துத் திரும்பி, சாம்பலைக் கிளறி எண்ணினோம். மொத்தம் பத்தொன்பது மணிகள். பழுப்பானவை சில, மஞ்சளாகவே நின்றவை சில, கீறல் விழுந்தவை இரண்டு. வாப்பாவின் மணியோடு அச்சாகப் பொருந்தியவை நான்கு. மூன்று, ஒரு சாயல் கூடுதல் சிவப்பு.

"இன்னொரு கட்டை உடைக்கட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பத்தொன்பதுக்கும் பணம் நீட்டினேன். ஏழுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார். வற்புறுத்தியபோது முகம் வாடியதைக் கண்டு நிறுத்திக்கொண்டேன். பழுப்பு மணிகளையாவது கொடுங்கள், மத்ரஸாப் பிள்ளைகளுக்குக் காட்டுவேன் என்று கேட்டு, அந்தப் பெயரில் விலை பேசிக் கொடுத்தேன். அதை மட்டும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் உம்மா தம் கையாலேயே கோத்தார்கள். கடும் சிவப்பு மணிகள் மூன்றையும் எங்கே வைப்பது என்று கேட்டேன். நடுவில் தள்ளித் தள்ளி வைத்துவிட்டார்கள். சுப்ஹுக்குப் பின் ஓதும்போது, விரல் அந்த மணிக்கு வரும் வேளையில் சற்றே குனிந்து பார்த்துக்கொள்கிறார்கள்.