பறக்கும் ரயிலுக்குக் கீழே ஓடிய படகு

திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்கள் கீழே எட்டிப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். அந்தக் கறுப்புத் தண்ணீர்தான் பக்கிங்ஹாம் கால்வாய். ஒரு காலத்தில் மாமல்லபுரம் போக இதில் படகு ஏறினார்கள் என்றால் நம்புவீர்களா?

சும்மா கதை இல்லைங்க. 1934-இல் பாரதிதாசன், ஜீவானந்தம், குத்தூசி குருசாமி, குஞ்சிதம், மயிலை சீனி. வேங்கடசாமி என்று ஒரு கூட்டமே நிலா வெளிச்சத்தில் இப்படிப் போய்வந்தது. பாரதிதாசனின் 'மாவலிபுரச் செலவு' பாட்டு அந்தப் பயணத்தில் பிறந்ததுதான். (செலவு என்றால் இங்கே பயணம். பி.காம். நண்பர்கள் கணக்கு நோட்டைத் திறக்க வேண்டாம்!)

அடையாற்றைத் தாண்டினால் திருவான்மியூர். பிறகு பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துத் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாக வந்து கால்வாயில் சேரும் இடம். அப்புறம் சோழிங்கநல்லூர், கேளம்பாக்கத்து உப்பளங்கள், முட்டுக்காடு கழிமுகம்... இன்று ஓ.எம்.ஆர். ஓரமாக ஐ.டி. கம்பெனிகள் நிற்கிற இடமெல்லாம் அன்று கிராமங்கள். விறகும் உப்பும் நெல்லும் இந்த வழியாகத்தான் பட்டணத்துக்கு வந்தன. பறவைகள் இன்னும் முழுசாகக் கைவிடவில்லை. முட்டுக்காட்டில் நீர்க்காகமும் கொக்கும் கூழைக்கடாவும் பார்க்கலாம். பள்ளிக்கரணைக்குப் பூநாரைகள் வருகின்றன.

ஆனால் அந்தப் பாட்டில் நிலாவும் தண்ணீரும் மட்டும் இல்லை. படகில் வந்தவர்கள் காட்சியை ரசித்துக்கொண்டிருக்க, கரையில் நடந்தபடியே கயிற்றால் படகை இழுத்துப்போன தொழிலாளிகளும் வருகிறார்கள். மோட்டார் ஏது? ஒருத்தர் காற்று வாங்க இன்னொருத்தர் தோள் தேய வேண்டும்.

கால்வாயின் கதையே அப்படித்தான். சென்னையிலிருந்து எண்ணூர் வரையிலான முதல் பகுதியை 1806-இல் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் வெட்டுவித்தார். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டர் துண்டு, அதாவது நம் மயிலாப்பூர் வழியாகப் போவது, 1877-78-இல் தாது வருஷப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. வெட்டினவர்கள் பசியில் கிடந்த ஜனங்கள். பெயர் மட்டும் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவுக்கு!

லாரி வந்தது, புயல்கள் கரையை உடைத்தன, தூர் சேர்ந்தது. மிச்சமிருந்ததில் பறக்கும் ரயிலின் தூண்களை இறக்கினார்கள். 1997-இல் ரயில் திருமயிலைக்கு வந்தது, 2007-இல் வேளச்சேரிக்கும் போய்விட்டது. கால்வாய் மேலேயே போனதால் நிலம் வாங்கும் செலவு மிச்சம். சரி, ஒரு நீர்வழியே போனதை எந்தக் கணக்கில் எழுதுவதாம்? 2008-இல் இதே கால்வாயை தேசிய நீர்வழி 4-இல் சேர்த்து அறிவித்தார்கள் என்பது இன்னொரு தமாஷ். அந்தத் தூண்களுக்கு நடுவே எந்தப் படகு போகும்?

இப்போதைக்கு முட்டுக்காடு போட் ஹவுஸில் டிக்கெட் வாங்கி ஒரு சுற்றுச் சுற்றலாம். ஆனால் அங்கே போகிறவர்கள் மயிலாப்பூரிலிருந்து பஸ்ஸில்தான் போக வேண்டும்.