இதயத்தைத் தொடாத பலகாரம்

'டிம் ஸம்' என்னும் சீனச் சொல்லுக்கு 'இதயத்தைத் தொடுவது' என்று பொருள் சொல்லுகிறார்கள். பெயர் வைத்தவர் நல்ல ரசிகராயிருந்திருக்க வேண்டும். வயிற்றை நிரப்புவது சாப்பாடு. இதயத்தைச் சற்றே தொட்டுவிட்டு விலகிக்கொள்ளும் சிறு பண்டம் டிம் ஸம். தென் சீனத்தின் குவாங்சௌ நகரத்திலும் ஹாங்காங்கிலும் ஜனங்கள் காலை வேளையில் தேநீர்க் கடைக்குச் சென்று இப்பண்டங்களை உண்பதை 'யம் சா' என்கிறார்கள். 'தேநீர் அருந்துதல்' என்பதே அதன் அர்த்தம். பலகாரத்தைப் பற்றி அந்தப் பெயரில் பேச்சே இல்லை என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆவியில் வேகும் பலகாரம் நமக்குப் புதிதன்று. இட்டிலியும் கொழுக்கட்டையும் உண்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் 'ஹார் காவ்' என்னும் இறால் கொழுக்கட்டைக்குச் சீனர்கள் விதித்திருக்கும் லக்ஷணங்களைக் கேட்டால் நமது பாட்டிமார்களே பிரமித்துப் போவார்கள். கோதுமையிலிருந்து பசைப்பொருளை நீக்கி எடுத்த வெண்மாவைக் கொதிநீர் விட்டுப் பிசைந்து, எண்ணெய் தடவிய அகலக் கத்தியின் பட்டையால் அழுத்தி, மெல்லிய வட்டமாக்குகிறார்கள். உள்ளே இறாலை வைத்து மடிக்கும்போது ஏழு மடிப்புக்குக் குறைந்தால் கைக்காரனுக்குப் பெருமையில்லை. வெந்த பிறகு மேல்தோல் கண்ணாடி போலாகி, உள்ளிருக்கும் இளஞ்சிவப்பு வெளியே தெரிய வேண்டும். குச்சியால் தூக்கினால் கிழியக் கூடாது. பல்லில் ஒட்டவும் கூடாது. வேகவைக்கும் கூடை மூங்கிலாயிருப்பதிலும் ஒரு யுக்தி உண்டு. மூங்கில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் பலகாரத்தின் மேல் நீர் சொட்டுவதில்லை. இவ்வளவு சிரமப்பட்டுச் செய்த பண்டத்தின் ஆயுள் சில நிமிஷந்தான். ஆறினால் தோல் இறுகிப் போய்விடும்.

இந்த லக்ஷணங்களையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டுதான் நானும் என் மனைவியும் ஹாங்காங் தீவிலிருந்து கடலுக்கடியில் ஓடும் ரயிலேறி, கௌலூன் பக்கத்தில் ஷாம் ஷூய் போ என்ற பேட்டையில் இறங்கினோம். உழைப்பாளிகளின் பேட்டை அது. அப்லியூ வீதியில் பழைய ரேடியோக்களும் மின்சாரக் கம்பிச் சுருள்களும் குவிந்து கிடக்கின்றன. அங்கிருந்து ஒரு சந்தில் திரும்பினால் எட்டே மேஜைகள் போட்ட சின்னஞ்சிறு கடை. பண்டங்களின் பெயர் அச்சிட்ட சீட்டில், வேண்டியதற்கெதிரே பென்ஸிலால் கோடு போட்டுக் கொடுத்தோம்.

ஐந்து நிமிஷத்துக்குள் கூடைகள் வந்துவிட்டன. மூடியைத் திறந்தபோது ஆவி எழுந்தது, ஆசையும் எழுந்தது. ஆனால் ஹார் காவின் தோல் கண்ணாடியாக இல்லை, சுண்ணாம்பாக இருந்தது. குச்சியால் எடுத்தேன், தோல் கூடையோடு தங்கிவிட்டது, இறால் மட்டும் தனியே வந்தது. அதிலும் கடலின் ருசி இல்லை. உச்சி வெடித்துச் சிரிக்க வேண்டிய 'சார் ஸியு பாவ்' என்னும் இறைச்சிப் பூரண அப்பமோ, வாயை இறுக மூடிக்கொண்டிருந்தது.

"நேற்றைக்குப் பிடித்த கொழுக்கட்டைக்கு இன்றைக்கு ஆவி காட்டினால் இப்படித்தான் இருக்கும்" என்றாள் என் மனைவி.

அவள் தீர்ப்புக்கு அத்தாட்சி உடனே கிடைத்தது. சமையலறைக் கதவு திறந்தபோது, ஒரு பையன் குளிர்ப்பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் பையை எடுத்துப் பிரித்து, கல்லுப்போல் உறைந்திருந்த உருண்டைகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

கடைக்காரரைக் கோபித்துப் பயனில்லை. ஹாங்காங்கில் கடை வாடகை மலைக்க வைப்பது. மாவு தட்டுகிறவன் விடியற்காலத்துக்கு முன்பே எழுந்து அடுப்பு மூட்ட வேண்டும். கை பழகுவதற்கே வருஷக்கணக்காகும். அந்த வேலைக்கு வாலிபர்கள் வருவது அருகிவிட்டது. தொழிற்சாலைகளோ ஆயிரக்கணக்கில் செய்து, உறைய வைத்து அனுப்புகின்றன. சிறு கடைக்காரர் வேறு என்ன செய்வார்?

வியப்பு என்னவென்றால், கடையில் ஒரு மேஜைகூடக் காலியாக இல்லை. அநேகமாக எல்லோரும் முதியவர்கள். தேநீர்ப் பாத்திரத்தின் மூடியைச் சற்றே திறந்து வைத்தால் மேலும் வெந்நீர் வேண்டும் என்று அர்த்தம். அப்படி மூன்று முறை, நான்கு முறை வெந்நீர் வாங்கிக்கொண்டு, பத்திரிகை படிப்பதும் பேசுவதுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தேநீர் வார்க்கும்போது மற்றவர் இரண்டு விரலால் மேஜையைத் தட்டி வந்தனம் சொல்லுகிறார்.

இந்தப் பேட்டையின் சரித்திரம் தெரிந்தால் இதன் காரணம் விளங்கும். 1953-ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் இரவில், அருகிலுள்ள ஷெக் கிப் மெய் குடிசைகளில் தீப்பற்றி 50,000-க்கு மேற்பட்டோர் வீடிழந்தார்கள். அதன் பிறகு சர்க்கார் அடுக்கு மாடி வீடுகளைக் கட்டிக் கொடுத்தது. இன்றைக்கும் இப்பக்கத்து வீடுகளில் பல, கட்டில் போட்டால் நாற்காலிக்கு இடமில்லாதவை. விருந்தாளியை எங்கே உட்கார வைப்பது? ஆகவே தேநீர்க் கடைதான் அவர்களுக்குக் கூடம்; அதுவே திண்ணை. கொழுக்கட்டை கெட்டுவிட்டது என்பதற்காக யாராவது திண்ணையை விட்டு எழுந்து போவார்களா?

ஹாங்காங் செல்லும் நேயர்கள் நல்ல டிம் ஸம் உண்ண விரும்பினால், கையில் மாவு ஒட்டிய மனிதர் ஒருவராவது கண்ணில் படுகிற கடையாகப் பார்த்து நுழையுங்கள். அத்தகைய கடைகள் இன்னும் இருக்கின்றன. அவற்றை ஆதரிப்பது புண்ணியம். ஆனால் நான் சொன்ன சின்னக் கடையையும் மூடும்படி ஆகிவிடக் கூடாது. அங்குள்ள முதியவர்களுக்கு உட்கார வேறு இடமில்லை.