பெயர் எழுதாத படம்

படம் எடுப்பவர்கள் கூடி உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டும் என்று 1857இலேயே சென்னையில் சிலருக்குத் தோன்றியிருக்கிறது. ஓவியப் பள்ளியைத் தொடங்கிய டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர்தான் அப்படி உருவான புகைப்படச் சங்கத்துக்கும் முன்னோடி. அந்தக் காலத்தில் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி, மாகாண அரசின் புகைப்படக்காரராக மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை அவர் எடுத்த விதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, 21 காகித நெகட்டிவ்கள். பிரதிகளை ஒட்டிச் சேர்த்தால் ஏறக்குறைய 19 அடி நீளம். 1860இல் அரசு அந்த வேலையை ஆடம்பரச் செலவு என்று நிறுத்திவிட்டது. புகைப்படச் சங்கத்தின் பெயர் சென்னையில் இன்றும் நிலைத்திருக்கிறது.

நம் இராமநாதபுரத்துப் பிள்ளைகளும் சங்கம் தொடங்கப் பேசுகிறார்கள். மனம் நிறைகிறது.

எங்கள் கரையில் படத்துக்கு முதல் எதிரி ஈரக்காற்று. படம் சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். லென்ஸுக்குள் பூஞ்சை சிலந்தி வலையாய்ப் படரும். அதையாவது துடைக்கலாம். பின்பக்கம் ஒன்றும் எழுதாமல் விட்ட படத்தை யாராலும் மீட்க முடியாது.

1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் கடல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. மிஞ்சிய தேவாலயச் சுவரைச் செல்போனில் எடுக்காதவர் இல்லை. அந்த ஊர் உயிரோடு இருந்தபோது எடுத்த படங்கள் எங்கே? பாம்பனில் ஒரு வீட்டில் ஒன்றைப் பார்த்தேன். புது வேட்டி, கையில் தகரப்பெட்டி, இருபது வயது இளைஞர். வீட்டில் யாருக்கும் ஆள் தெரியவில்லை. திண்ணையில் இருந்த ஆத்தா மட்டும் கண்ணருகே வைத்துப் பார்த்து, "எங்க சின்னய்யாப்பா. தலைமன்னாருக்குக் கப்பல் ஏறுறதுக்கு முந்தி எடுத்தது" என்றார். பேரன் உடனே பென்சிலால் பின்பக்கம் எழுதினான். பென்சில்தான் சரி, மை ஈரத்தில் ஊறிவிடும்.

அரிச்சல்முனைச் சூரியனையும் எடுங்கள், அழகுதான். ஆனால் 2025இல் புதிய பாம்பன் பாலம் வந்தாயிற்று. 1914ஆம் ஆண்டுப் பாலத்தின் தூக்குப் பகுதியை ஆட்கள்தான் கையால் இயக்கித் திறந்தார்கள். அந்த வேலை பார்த்தவர்களைத் தேடிப் பிடித்து, பெயரோடும் ஊரோடும் எடுத்து வையுங்கள். முதல் கூட்டத்தை ராமேஸ்வரத்தில் போடுங்கள். பெரியவர்களைப் பழைய படங்களோடு வரச் சொல்லுங்கள். புயலுக்கு முந்திய தனுஷ்கோடி நினைவில் இருப்பவர்களில் இளையவர்களுக்கே 65 வயது ஆகிவிட்டது.