புஷ் தேயும் காலம்

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது அந்தக் கடைச்சல் பட்டறை. அதை நடத்துபவரை ஊரார் ‘பாஸ்’ என்கிறார்கள். இலங்கையில் அந்தச் சொல்லுக்கு முதலாளி என்று அர்த்தமில்லை, கைத்தொழில் தெரிந்தவர் என்றுதான் அர்த்தம்.

நான் போன காலையில், புல் வெட்டும் மெஷினின் முன்சக்கரம் ஒன்றை அச்சோடு தூக்கிக்கொண்டு ஓர் இளைஞர் நின்றார். தம்புள்ளை வீதியோரத்து வாசனைத் திரவியத் தோட்டம் ஒன்றில் வேலை. மெஷின் வாங்கி ஐந்து மாதம், வொறண்டி ஒரு வருடம். சக்கரம் ஆடுகிறது, அதனால் புல் ஒரு பக்கம் மொட்டையாகவும் மறுபக்கம் உயரமாகவும் விழுகிறது. விற்ற கடையில் கேட்டால், புஷ், அதாவது சக்கரத்துக்குள் அச்சைத் தாங்கும் உறை, தேயும் சாமான், வொறண்டியில் சேராது என்றார்களாம்.

பாஸ் சக்கரத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். நைலோன் புஷ். துளை வட்டமாக இல்லை, முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. வேர்னியரை ஒரு பக்கம் வைத்தால் 12.6 மில்லிமீற்றர், திருப்பி வைத்தால் 13.4. “உள்ள விரல வச்சுப் பாருங்க” என்றார். நெருநெருவென்றது. ஈரப்புல்லோடு ஏறிய மணல் மிருதுவான நைலோனில் புதைந்துவிடுகிறது, அதன்பின் புஷ்ஷே உப்புத்தாளாகி இரும்பை அராவுகிறது. 12 மில்லிமீற்றர் அச்சில் நகம் மாட்டும் அளவுக்கு ஒரு வளையம் விழுந்திருந்தது.

“புஷ் தேயிறது வழக்கம், தம்பி. அச்சு அஞ்சு மாசத்துல தேயலாமா? அதத்தான் கேக்கணும்.”

வழக்கின் உயிர் அந்த வளையத்தில்தான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. ஆனால் முறையிட வழி குறுகல். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, பொருள் விற்ற 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். விசாரித்து, மாற்றுப் பொருளோ பணமோ கொடுக்கச் சொல்லும் அதிகாரம் அந்தச் சபைக்கு உண்டு. ஆனால் மணல் புகுந்து இரும்பை அரிக்க 3 மாதம் போதாது. வொறண்டி ஒரு வருடமென்றால் முறைப்பாட்டுக்கும் அந்த ஒரு வருடம் வேண்டும். பழுது தெரிந்த நாளிலிருந்து கணக்கெடுப்பதுதான் நியாயம்.

2022 பொருளாதார நெருக்கடியில் உதிரிப்பாகங்கள் வராமல் நின்றபோது, பழைய தண்ணீர்ப் பம்பின் புஷ்களைக் கடைந்தே பல மெஷின்களை ஓட வைத்ததாகப் பாஸ் சொன்னார். இளைஞரும் அப்படி ஒன்றைக் கடைந்து தரச் சொல்லித்தான் வந்திருந்தார். பாஸ் மறுத்தார். வெளியாள் கை வைத்தது தெரிந்தால் கம்பெனி அதையே சாக்காகச் சொல்லும். மேனேஜருக்கு என்ன சொல்வது என்று இளைஞர் தயங்கினார். தோட்டத்தில் புல் வளர்ந்துகொண்டிருக்கிறது. கூலி அவருக்கு நாள் கணக்கில்.

பாஸ் பில் புத்தகத்தை எடுத்து, திகதி போட்டு, துளையின் இரண்டு அளவுகளையும் அச்சின் தேய்மானத்தையும் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்திட்டார். “இத கடையில குடுங்க. முடியாதுன்னா அத எழுத்துல வாங்கிட்டு வாங்க.” அளந்ததற்குக் காசு வாங்கவில்லை.

இளைஞர் போன பிறகு கன்மெட்டல் தண்டு ஒன்றை வைஸில் மாட்டி ஒரு துண்டு அறுத்தார். சோக்கட்டியால் அதில் 12 என்று எழுதி, ஜன்னல் பலகையில் தனியாக வைத்தார்.