பதுளை வீதியால் எல்லவுக்கு

செங்கலடிச் சந்தியில் தொடங்கும் பதுளை வீதி, எங்கள் தலைமுறைக்கு நெடுங்காலம் கறுப்புப் பாலத்தோடு முடிந்துவிட்ட வீதி. பாலத்தின் இப்புறம் இராணுவம். அப்புறம் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி. 2007 இல் கிழக்கு முழுவதும் படையினர் வசமான பின்னரே அந்த நிலை மாறியது.

அண்மையில் மருமக்கள் நால்வருடன் அதே வீதியால் எல்லவுக்கு ஒருநாள் பயணம் சென்றேன். விடியமுன் வான் புறப்பட்டது. கறுப்புப் பாலத்தைப் பிள்ளைகள் உறக்கத்திலேயே கடந்தார்கள், நான் எழுப்பவில்லை. கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா, பிபிலை, பதுளை எனப் பயணம் நீண்டது.

எல்லவில் பிள்ளைகள் இரும்பு வடத்தில் தொங்கியபடி தேயிலைத் தோட்டத்துக்கு மேலாகப் பறந்தார்கள். என்னையும் அழைத்தார்கள், வயதைச் சொல்லித் தப்பினேன். பின்னர் ஒன்பது வளைவுப் பாலம். உருக்குச் சட்டம் எதுவுமின்றிக் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு எழுப்பப்பட்டு, 1921 இல் திறக்கப்பட்டது. 24 மீற்றர் உயரம். புகையிரதத்தைப் படம்பிடிக்கத் தண்டவாளத்திலேயே கூட்டம் நின்றது.

அருகில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்கள் ஊரை விசாரித்தார். மட்டக்களப்பு என்றேன். கூடையை இறக்கி வைத்தார்.

"எம்பத்து மூணு கலவரத்துல எங்க சித்தப்பா குடும்பம் இந்த ரோட்டு வழியாத்தான் செங்கலடிப் பக்கம் போச்சுங்க ஐயா. கொஞ்ச நாள் கடுதாசி வந்திச்சு. பொறகு ரோட்டையே மூடிட்டாங்க."

அங்கே இப்போதும் மலைநாட்டு ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றேன். சித்தப்பாவின் பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னார், குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். கடைசிப் பிள்ளையின் பெயர் அவருக்கு நினைவுவரவில்லை. யோசித்துக்கொண்டிருக்கையில் புகையிரதம் வந்துவிட்டது.